ரத்தம் விட்ட சிலாப்

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ்ஸில் ஏறி, "சாமி ஸ்டாப்பிங் ஒண்ணு" என்று கேட்டால், கண்டக்டர் முதலில் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அப்புறம்தான் டிக்கெட்டைக் கிழிப்பார். அதற்கு ஆறு மாதம் முன்பு வரை அந்த இடத்துக்குப் புளியமரத்து ஸ்டாப்பிங் என்று பெயர். மரம் எங்கேயும் போய்விடவில்லை. அதன் அடியில் சாமி வந்து உட்கார்ந்தார், மரத்தின் பெயர் காலியாகிவிட்டது.

எண்பத்தொன்றாம் வருஷத்துச் சங்கதி இது. சாமிக்குப் பெற்றோர் வைத்த பெயர் தாண்டவராயன். தானே வைத்துக்கொண்ட பெயர் கட்டடச் சித்தர். கைரேகை பார்க்கமாட்டார், ஜாதகம் பார்க்கமாட்டார். அதிலெல்லாம் போட்டி அதிகம். இவர் சுவரில் காதை வைத்துக் கேட்பார். சுவர் இவரிடம் பேசும். எந்த வீட்டில் உயிர் இருக்கிறது, எந்த வீடு பிணம் என்று சொல்லிவிடுவார். பிணத்துக்கு உயிர் கொடுக்கவும் அவரிடமே வழி இருந்தது. ஒரு சேவல், ஒரு வேட்டி, தட்டு நிறைய தட்சணை.

வெள்ளிக்கிழமையானால் கூட்டம் தாங்காது. மாகறலிலிருந்து ஒருவர் வாசக்காலைப் பெயர்த்து மாட்டு வண்டியில் ஏற்றி வந்தார். புள்ளலூரிலிருந்து ஒரு அம்மாள் ஆட்டுக்கல்லைக் கொண்டுவந்து, "மாவு பொங்க மாட்டேங்குது சாமி, இதுக்கும் கேட்டுச் சொல்லு" என்றாள். சாமி ஆட்டுக்கல்லிலும் காதை வைத்தார். கல் அழுகிறது என்றார். அந்த அம்மாளும் சேர்ந்து அழுதாள். உளுந்து எந்த வருஷத்து உளுந்து என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு அந்த ஸ்டாப்பிங்கில் வாடகை சைக்கிள் கடை. கூட்டம் வந்தால் என் சைக்கிள் ஓடும். ஆகவே எனக்கும் சாமி மேல் பக்தி இருந்தது. மறைப்பானேன்.

என் கடையிலிருந்து ஏரிக்கரைப் பக்கம் நடந்தால் இருளர் குடிசைகள் பன்னிரண்டு. முந்தின ஐப்பசியில் ஏரி வழிந்தபோது பன்னிரண்டும் போயின. ஜனங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் கிடந்தார்கள். அவர்களில் கங்கம்மாள் என்பவளின் மகள் வள்ளியம்மாவுக்குத் தலைப்பிரசவம் அந்த வராந்தாவில்தான் நடந்தது. ஈரத் தரை, ஈரப் புடவை, நாலு பக்கமும் சாரல். குழந்தை மூன்றாம் நாள் குளிரில் விறைத்துச் செத்தது. மற்ற எல்லாவற்றையும் கேலி பண்ணிவிடுவேன். இதை மட்டும் என்னால் முடியாது.

அதற்குப் பிறகு அரசாங்கம் அந்தப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் தொகுப்பு வீடு ஒதுக்கியது. ஆடியிலேயே சுவர் எழும்பிவிட்டது. கூரைக்குத்தான் மேஸ்திரி முத்துகிருஷ்ணன் ஒரு புது வேலை வைத்திருந்தார். மெட்ராஸ் பக்கம் போய்க் கற்றுக்கொண்டு வந்த வேலை. என் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டே ஊர்த் தலைவர் சடையப்பனுக்கு அதை விளக்கினார்.

"வூட்டு மேலயே காங்கிரீட் ஊத்தித் தளம் ஒட்டப்போறதில்ல தலைவரே. தரையிலியே அச்சுல காங்கிரீட்ட ஊத்தி, சிலாப்பு சிலாப்பா எடுத்து, தண்ணியில ஊறப் போட்டுருவேன். நல்லா இறுகினதும் தூக்கினு போயி சொவுத்து மேல வரிசையா அடுக்கி, சந்துல கலவை பூசிட்டா வேல முடிஞ்சிது."

"அப்பளம் காயப்போடற மாதிரி சொல்றியே. இது வூடுய்யா."

"பழைய மாதிரி பண்ணா இன்னா ஆவும் தெரியுமா? சென்டரிங் பலகை அடிக்கணும், சவுக்குக் கட்ட முட்டு குடுக்கணும், தளம் ஒட்டணும், பலகையப் பிரிக்கணும். ஒரு வூட்டுக்கு இருவது நாளு. இந்தச் சுத்துவட்டாரத்துல வாடகைக்குக் கெடைக்கிறது ஒரு செட்டு பலகை. பன்னெண்டு வூடு. நீயே கணக்குப் போட்டுக்க."

சடையப்பன் விரலை மடக்கினார். "சித்திர வந்துருமேய்யா!"

"சித்திரையில மழைக்கு ஒதுங்கி இன்னா பண்றது? சிலாப்புன்னா ரெண்டு மாசத்துல வார்த்து, பதினஞ்சி நாள்ல பன்னெண்டையும் மூடிருவேன். பலகை வாடகை கெடையாது, முட்டு கெடையாது. எல்லாம் ஒரே அளவு. சொத்தையா ஒண்ணு வந்தாலும் தரையிலியே தெரிஞ்சிரும், தூக்கி ஓரமா போட்டுறலாம். மேல ஒட்டுன தளம் சொத்தையா போனா எப்பத் தெரியும்? தலையில வுழும்போதுதான்."

தலைவர் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு சரி என்றார்.

சிலாப் செய்யும் வேலைக்கு ஏரிக்கரைப் பெண்களே வந்தார்கள். உயரத்தில் ஏறுகிற வேலையில்லை, எல்லாம் தரையில். கங்கம்மாள்தான் அவர்களுக்குத் தலை. ஜல்லி கொட்டுவது, கம்பி வைப்பது, அச்சைத் தட்டி எடுப்பது எல்லாம் அவள் கை. இரண்டு மாதத்தில் முந்நூற்று அறுபது சிலாப். சிமெண்ட் அவள் விரல்களைத் தின்று வெடிப்பு வெடிப்பாக்கி வைத்திருந்தது. அவள் கவலைப்படவில்லை. வள்ளியம்மாவுக்கு மறுபடியும் எட்டு மாதம். மழைக்கு முன்னால் அந்தப் பெண் தலைக்கு மேல் ஒரு கூரை ஏற வேண்டும். கங்கம்மாளுக்கு அந்த ஒரே நினைப்புதான்.

இப்போது இடைஞ்சல் எங்கே வந்தது என்று சொல்கிறேன். எங்கள் பக்கம் தளம் ஒட்டுகிற நாள் என்றால் அது ஒரு கல்யாணம் மாதிரி. சேவல் அறுத்து நாலு மூலையிலும் ரத்தம் விடவேண்டும், பூசணிக்காய் உடைக்கவேண்டும். ஆறு மாதமாக அந்த நாளுக்குச் சாமியும் வரவேண்டும் என்று ஆகியிருந்தது. சிலாப் போட்டால் தளம் ஒட்டுகிற நாளே இல்லை. சேவல் இல்லை, வேட்டி இல்லை. இன்னொன்றும் உண்டு. மேஸ்திரி சொன்னாரே, அந்த ஒரு செட்டு சென்டரிங் பலகை, அது கன்னியப்பன் என்பவருடையது. கன்னியப்பன் கட்டியிருந்தது சாமியின் தங்கையை. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? தெரிந்ததைச் சேர்த்து வைத்து யோசிப்பது வேறு வேலை. அதற்கு எங்களுக்கு அவகாசம் இல்லை.

புரட்டாசி நடுவில் சிலாப்புகளைத் தண்ணீரிலிருந்து எடுத்து அடுக்கினார்கள். மறுநாள் காலை சாமி பரிவாரத்தோடு அங்கே எழுந்தருளினார். பின்னாலேயே பாதி ஊர். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

சாமி ஒரு சிலாப்பில் காதை வைத்தார். சட்டென்று தேள் கொட்டினவர் போல எடுத்தார். பரிவாரத்தில் ஒருவரிடமிருந்து பித்தளைச் சொம்பை வாங்கி, அதிலிருந்த மஞ்சள் தீர்த்தத்தைச் சிலாப்பின் மேல் ஊற்றினார்.

மஞ்சளாக விழுந்த தண்ணீர் சிலாப்பின் மேல் சிவப்பாக ஓடிற்று.

"ஐயோ, ரத்தம்!" என்று யாரோ அலறினார்கள். நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

சாமி அடுத்த சிலாப்பில் ஊற்றினார். அதுவும் சிவப்பு. அப்படியே நடந்து போய், பத்து வருஷமாக ரோட்டோரம் கிடக்கிற மதகுக் காங்கிரீட் திட்டின் மேல் ஊற்றினார். அது மஞ்சளாகவே நின்றது.

"பாத்துக்குங்க! இது நின்ன எடத்துலயே பொறந்துது, பலி வாங்கிக்கினு பொறந்துது, உயிரோட கீது. அது எங்கியோ அச்சுல பொறந்து தூக்கினு வர்ற பொணம்." சாமி கண்ணை மூடினார். "இன்னா ரத்தம் தெரியுதா அது? போன மழையில வராந்தாவுல செத்துப்போச்சே ஒரு பச்சக் கொழந்த, அதோட ரத்தம். அடுத்ததையும் கேக்குது."

வள்ளியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பரிகாரம் சொல்லு சாமி" என்றார் சடையப்பன்.

சாமி ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துச் சிவப்பின் மேல் தேய்த்தார். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்ட சத்தம் பெருநகர் வரை கேட்டிருக்கும்.

"சிலாப்புக்கு ஒரு சேவல். நான் ஒவ்வொண்ணா சாந்தி பண்ணித் தரேன். முடியாதவங்க இத்தயெல்லாம் ஏரியில தள்ளிட்டு, பலகை அடிச்சி வூட்டு மேலயே தளம் ஒட்டுங்க."

முந்நூற்று அறுபது சேவல்! அத்தனை சேவலை ஒரே இடத்தில் சேர்த்தால் ஜில்லாவில் பொழுதே விடியாது. பலகைதான் வழி என்று ஊர் முடிவு கட்டியது. பலகைக்கு எங்கே போவது என்று தேட வேண்டிய சிரமமும் இல்லை. கன்னியப்பன் சாமிக்குப் பின்னால்தான் வெற்றிலை மென்றுகொண்டு நின்றிருந்தார்.

வேலை நின்றது. ஏரிக்கரைப் பெண்கள் சிலாப்பைத் தொடப் பயந்தார்கள். மேற்கே மழைக் கருக்கல் கூடிக்கொண்டு வந்தது. வள்ளியம்மா, "அந்த வூட்டாண்ட நான் வரமாட்டேன், என்ன வராந்தாவுலயே வுட்ருங்க" என்று தாயிடம் சொல்லிவிட்டாளாம்.

மூன்றாம் நாள் காலை கங்கம்மாள் நேராக என் கடைக்கு வந்தாள். மேஸ்திரி அங்கே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவள் தன் இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். விரல் வெடிப்பெல்லாம் ஒரே சிவப்பு.

"இன்னா கங்கம்மா, ரத்தம் வருதா?"

"வரல மேஸ்திரி. மஞ்சா பூசினேன். வேல நின்னாலும் சிமெண்ட் மூட்டைய மூடி வெக்கிறது நான்தானே. கைய சரியாக் கழுவாம மஞ்சாத் தூள வெச்சேன், செவந்து போச்சி. ரெண்டு மாசமா தெனம் இப்பிடித்தான் செவக்குது. இன்னிக்குத்தான் உத்துப் பாத்தேன். செத்தது எம் பேரக் கொழந்த. அது ரத்தம் ஏன் சிமெண்ட் மூட்டையில கீது?"

மேஸ்திரி குனிந்து அவள் விரல்களைப் பார்த்தார். "அட, சிமெண்ட்டுல சுண்ணாம்பு கீதே! சுண்ணாம்பு பட்டா மஞ்சா செவக்காம இன்னா பண்ணும்? பழைய மதகு வருசக்கணக்கா வெயில்லயும் மழையிலயும் கெடந்து காரம் போயிட்டுது, அதான் செவக்கல."

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீ வேற. ரத்தம்னு எல்லாரும் கத்துனதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டுது" என்று மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

கங்கம்மாளுக்குக் கண் கலங்கியது. அது அழுகை இல்லை, ஆத்திரம். "எம் மவ வயித்தெரிச்சல எடுத்து சேவலுக்கு வெல பேசிட்டானே" என்றாள். அப்புறம் குரலை இறக்கினாள். "யாராண்டயும் சொல்லாதீங்க. வெள்ளிக்கெழம நான் சாமியாண்டயே கேட்டுக்கறேன்."

அந்த வெள்ளிக்கிழமை சாமிக்குப் புதுப் பீடம் திறப்பு. மரத்தடியில் சடையப்பன் செலவில் முழங்கால் உயரத்துக்குக் காங்கிரீட் பீடம். கன்னியப்பன் பலகையை வைத்து, சேவல் அறுத்து, நின்ற இடத்திலேயே வார்த்தது. பலகை பிரித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. சாமி அதன் மேல் ஏறி உட்கார்ந்ததும், தலைவர் சம்சாரம் தேவகி அம்மாள் ஆரத்தித் தட்டோடு வந்து நின்றாள். கூட்டம் சொல்லி முடியாது. என் கடையில் ஒரு சைக்கிள் கூட மிச்சமில்லை, ஏழாம் நம்பரைத் தவிர. அதற்கு பிரேக் பிடிக்காது.

ஏரிக்கரை ஜனங்கள் எப்போதும் கூட்டத்தின் கடைசியில் நிற்பார்கள். நிற்க வைத்திருந்தோம் என்பதுதான் சரி. அன்றைக்குக் கங்கம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"சாமி, சாந்தி பண்ணிக்கிறேன். மொதல்ல ஒரு சொம்பு தீர்த்தம் குடு."

சாமிக்கு முகம் மலர்ந்தது. "வா கங்கம்மா, புத்தி வந்துதா?" என்று சொம்பை நீட்டினார்.

வாங்கினாள். அப்படியே சாமி உட்கார்ந்திருந்த பீடத்தின் பக்கவாட்டில் ஊற்றினாள்.

அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு. சாமியின் காவி வேட்டி ஓரம் வரைக்கும் சிவப்பு வழிந்தது.

"இன்னா சாமி, நீ குந்திக்கினு கீறது பொணத்து மேலயா?" என்றாள் கங்கம்மாள். "இது நின்ன எடத்துல பொறந்துதுதானே? சேவல் அறுத்தியே? இது யாரு கொழந்தையோட ரத்தம்?"

"தீட்டு! தீட்டு!" என்று சாமி எழுந்து குதித்தார். "நீ தொட்டதால பீடம் ரத்தம் வுடுது!"

"அப்ப தலைவரு ஊத்தட்டும்."

சடையப்பனுக்கு மாட்டிக்கொண்ட முழி. சொம்பில் மிச்சமிருந்ததைப் பீடத்தின் அந்தப் பக்கம் ஊற்றினார். அந்தப் பக்கமும் சிவந்தது. தலைவர் தொட்டாலும் தீட்டு என்று சொல்லச் சாமிக்குத் தைரியம் இல்லை. பீடத்துக்குச் செலவு அவருடையது.

கங்கம்மாள் தேவகி அம்மாள் பக்கம் திரும்பினாள். "யம்மா, உங்க தட்டுல கீற தண்ணி எப்பிடி இவ்ளோ செவப்பா கீது?"

"ஆரத்திடி. மஞ்சத்தண்ணியில கொஞ்சம் சுண்ணாம்பு போட்டா..." தேவகி அம்மாள் பாதியில் நிறுத்தினாள். தட்டைப் பார்த்தாள். பீடத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

நான் வெட்கத்தோடு சொல்கிறேன். பிறந்த குழந்தைக்கு, கல்யாண ஜோடிக்கு, ஜெயித்த தலைவருக்கு, ஏன், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்தச் சாமிக்கே, மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்து ஆரத்தி எடுத்த ஊர் இது. ஒரு வீட்டில் கூட அதைப் பார்த்து ரத்தம் என்று அலறியதில்லை. தட்டில் இருந்தால் ஆரத்தி, சிலாப்பில் இருந்தால் ரத்தம்!

மேஸ்திரிக்கு இப்போதுதான் தெம்பு வந்தது. "சிமெண்ட்டுலயும் சுண்ணாம்புக் காரம் கீது, அவ்ளோதான்யா! புளிப்பு பட்டா அந்தக் காரம் செத்துரும். எலுமிச்சம்பழத்தக் குடுங்க இப்பிடி" என்று வாங்கி ஆரத்தித் தட்டில் பிழிந்தார். சிவப்பு மறைந்து மஞ்சளாயிற்று.

"அடடே, ஆரத்தியப் புடிச்ச பேயும் ஓடிட்டுது!" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. ஒருவர் சிரித்தார். பத்துப் பேர் சிரித்தார்கள். பிறகு புளியமரமே குலுங்கியது.

சாமி கையைத் தூக்கினார். லேசில் விடுகிற ஆளா? "சிரிக்காதீங்க! ரத்தமோ தண்ணியோ, அந்தச் சிலாப்பு பாரம் தாங்காது! அடியில படுத்தா பொணம்தான்! இது என் வாக்கு!"

"அத்தயும் பாத்துருவமே" என்றாள் கங்கம்மாள். நாலு பெண்கள் போய்ச் சுலபமாக ஒரு சிலாப்பைத் தூக்கி வந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு செங்கல் அடுக்கு, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் வெற்றிடம் விட்டு மேலே சிலாப்பை வைத்தார்கள். "தலைக்கு மேல ஏத்தறதுக்கு முந்தி தரையில பாக்கறது எங்க வேலயில வழக்கம். ஒடையும்னு சொன்னது நீ. ஏறி ஒடச்சிக் காட்டு சாமி."

"ஏறு சாமி!" என்றது கூட்டம். பக்தியோடு இல்லை.

சாமி ஏறினார். லேசாக மிதித்தார். ஒன்றுமில்லை. குதித்தார். ஒன்றுமில்லை. ஆத்திரத்தில் எம்பி மூன்றாம் முறை குதித்தார். அறுந்தது அவர் ருத்ராட்ச மாலைதான். கொட்டைகள் நாலா பக்கமும் ஓட, ஜனங்கள் பொறுக்கித் தரவில்லை. அதற்கப்புறம் தலைவர் ஏறினார். ஊரிலேயே கனத்த மனுஷன் அவர். அவர் மேல் இரண்டு நெல் மூட்டையைச் சாய்த்தார்கள். சிலாப் அப்படியே இருந்தது. மூச்சு வாங்கியது தலைவருக்குத்தான்.

"பலகை யாருதுய்யா?" என்று அப்போதுதான் ஒருவருக்குக் கேட்கத் தோன்றியது. எல்லாரும் கன்னியப்பனைத் தேடினார்கள். வெற்றிலை எச்சில் மட்டும் இருந்தது.

அந்தக் களேபரத்தில் சாமியும் நழுவினார். எதில் தெரியுமா? என் ஏழாம் நம்பர் சைக்கிளில். பிரேக் பிடிக்காத சைக்கிள், ஆகையால் எங்கும் நிற்கவில்லை. இப்போது செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் பம்ப்செட் மேல் காதை வைத்துக் கேட்கிறார் என்று கேள்வி. என் சைக்கிள் இன்னும் வந்து சேரவில்லை. இத்தனை நாள் அவர் கூட்டத்தில் நான் பிழைத்ததற்கு அது சரியான தண்டனைதான்.

மறுநாளே சிலாப் ஏற ஆரம்பித்தது. பதினான்கு நாளில் பன்னிரண்டு வீடும் மூடியாயிற்று. ஐப்பசி மூன்றாம் தேதி மழை பிடித்தது. அப்படி ஒரு மழை. ஏரி மறுபடி வழிந்தது. பள்ளிக்கூட வராந்தா காலியாகக் கிடந்து நனைந்தது.

எட்டாம் தேதி நனைந்துகொண்டே மேஸ்திரியும் நானும் ஏரிக்கரைக்குப் போனோம். ஒழுகுகிறதா பார்க்கவேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். கங்கம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"உள்ள வராதீங்க, வள்ளியம்மாவுக்கு விடியகாத்தாலதான் பொறந்துது. பொண்ணு."

"ஒழுவுதா?" என்றார் மேஸ்திரி, வேறென்ன கேட்பது என்று தெரியாமல்.

"ஒரு சொட்டு இல்ல மேஸ்திரி" என்றாள். சொல்லிவிட்டுத் தன் வெடித்த கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். உள்ளே குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தத்தை இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது புளியமரத்தடியில் அந்தப் பீடம் வெறுமனே நனைந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்று தோன்றியது. அந்தச் சிலாப்புகளை வார்த்து, ஊறவைத்து, தட்டிப் பார்த்து, மேலே ஆளை ஏற்றிக் குதிக்கவிட்டு, அதன் பிறகுதான் தலைக்கு மேல் வைத்தார்கள். அந்தச் சாமியையோ, அவர் பஸ்ஸை விட்டு இறங்கின அன்றைக்கே நாங்கள் தலைமேல் தூக்கி வைத்துவிட்டோம்.

உங்கள் ஊர் ஸ்டாப்பிங்கிலும் இந்நேரம் ஒருவர் வந்து இறங்கியிருப்பார். கன்னத்தில் போட்டுக்கொள்ளுமுன் அவரை இரண்டு செங்கல் அடுக்கின் மேல் கிடத்தி ஒரு முறை ஏறி மிதித்துப் பாருங்கள். தாங்கினால் தலையில் வைத்துக்கொள்ளலாம்.